முழுமை பெறாத பதிப்பும் முதல் சோதனையாளர்களும்

வண்ணார்பேட்டையிலிருந்து திருநெல்வேலிச் சந்திப்புக்குப் போக வேண்டுமென்றால் தாமிரபரணியைக் கடந்தாக வேண்டும். கொக்கிரகுளத்தில் ஆற்றின் குறுக்கே நிற்கும் பாலம் 1843ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து அதைக் கட்டுவித்தார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்கி வருகிறது. அந்தப் பாலம் பாதி எழும்பியிருந்த நிலையில், "இன்னும் சில இடங்களில் தளம் போடவில்லை; ஆனாலும் வந்து நடந்து பாருங்கள்; எங்கே ஆடுகிறது என்று சொல்லுங்கள்" என்று முதலியார் தண்டோரா போட்டிருந்தால் ஊரார் என்ன சொல்லியிருப்பார்கள்? அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால், வாசகர்களே, கணிப்பொறித் துறையில் ஏறத்தாழ இதே காரியம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. உலகின் பெரிய வலைச் சேவையகங்களிலும், உங்கள் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளத்திலும் இயங்கும் லினக்ஸ், அவ்வாறு பாதி கட்டிய நிலையில் ஊரைக் கூட்டித் திறந்துவிடப்பட்ட ஒரு பாலம்தான். அதில் முதலில் நடந்து பார்த்தவர்கள் யார், அவர்கள் என்ன கண்டார்கள், தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் என்ன வேலை என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். கணிப்பொறியின் மின்சுற்றுகளுக்கும் நாம் பயன்படுத்தும் நிரல்களுக்கும் நடுவே நின்று, நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை, திரை ஆகியவற்றைப் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். அதை எழுதிய மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று உரிமை அளித்திருந்தால் அது திறந்த மூல இயங்குதளம். முறையாக வெளியிடுமுன் சோதனைக்கென்று விடப்படும் பதிப்புகளை ஆல்பா, பீட்டா என்று அழைக்கிறார்கள். (கதிரியக்கப் பாடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம், இங்கே அவை வெறும் முதல் எழுத்து, இரண்டாம் எழுத்து என்ற பொருளில்தான் வருகின்றன.) எல்லாம் முடிந்துவிட்டது, கடைசியாக ஒருமுறை பாருங்கள் என்று விடப்படுவது வெளியீட்டுக்கு வேட்பாளராக நிற்கும் பதிப்பு.

ஹெல்சிங்கி மாணவர்

1991ஆம் ஆண்டு ஜனவரியில், பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தவணை முறையில் ஒரு கணிப்பொறி வாங்கினார். இன்டெல் 386 செயலி. 4 மெகாபைட் நினைவகம். அதில் அவர் மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தை நிறுவினார். ஆண்ட்ரூ டேனன்பாம் என்ற பேராசிரியர் பாடம் நடத்துவதற்கென்று 1987இல் எழுதி வெளியிட்டது அது. பாடத்துக்குப் பொருத்தம், ஆனால் அன்றாட வேலைக்குப் போதாது.

லினஸ் எடுத்த எடுப்பில் இயங்குதளம் எழுத உட்காரவில்லை. 386 செயலி ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளை எப்படி மாற்றி மாற்றிச் செய்கிறது என்று பார்க்க விரும்பினார். ஒரு வேலை திரையில் 'ஏ' என்ற எழுத்தையே அச்சிட்டுக்கொண்டிருக்கும். மற்றொன்று 'பி' என்ற எழுத்தை அச்சிடும். திரையில் ஏக்களும் பீக்களும் மாறி மாறி வந்தால் செயலி வேலை மாற்றுகிறது என்று பொருள். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் எளிய செய்முறையை ஒத்த சோதனை இது. பின்னர் அந்த இரண்டு வேலைகளையும், மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கணிப்பொறியோடு பேசும் நிரலாக மாற்றினார். கோப்புகளைச் சேமிக்க வேண்டியிருந்தது. அதற்காக வன்தட்டை இயக்கும் பகுதியை எழுதினார். இப்படி ஒவ்வொரு தேவையாக ஒட்டிக்கொண்டு வந்து, கோடை முடிவதற்குள் அது இயங்குதளத்தின் உருவத்தை எடுத்துவிட்டது.

ஆகஸ்டு 25ஆம் நாள், மினிக்ஸ் பயன்படுத்துவோருக்கு அவர் கணிப்பொறி வலை வழியாக ஓர் அறிவிப்பு விடுத்தார். பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாகவும், மினிக்ஸில் அவர்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று அறிய விரும்புவதாகவும் அதில் தெரிவித்திருந்தார். செப்டம்பர் 17ஆம் நாள் 0.01 என்ற எண்ணிட்ட முதல் பதிப்பை வலையில் வைத்தார். சுமார் 10,000 வரிகள். அதைப் பறைசாற்றக்கூட இல்லை; விரல்விட்டு எண்ணத்தக்க சிலருக்குத்தான் கடிதம் எழுதினார். அந்தப் பதிப்பு தன்னந்தனியாக நிற்காது. மினிக்ஸ் உள்ள கணிப்பொறியில் வைத்துத்தான் அதை இயந்திர மொழிக்கு மாற்ற முடியும். அதில் பின்லாந்து விசைப்பலகை மட்டுமே வேலை செய்தது. இன்னொரு நாட்டார் அதைப் பயன்படுத்த வேண்டுமானால் நிரலைத் திறந்து விசைகளின் அட்டவணையைத் தாமே மாற்றிக்கொள்ள வேண்டும். தம் வீட்டு மேசைக்கு எது பொருந்துமோ அதையே உலகத்துக்கும் பொருந்தும் என்று எழுதுவது எல்லாருக்கும் நேர்வதுதான். அடுத்த வீட்டுக்காரர் வந்து பார்க்கும் வரை அது பிழை என்றே தெரியாது.

அக்டோபர் 5ஆம் நாள் 0.02 வந்தது. இம்முறை வெளிப்படையாக அறிவித்தார். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் தொடங்கிய குனூ திட்டத்தின் நிரல்கள் சில அதில் ஓடின. முழுமையானதன்று என்பதை அவர் மறைக்கவில்லை. நிரல்களைத் தாமே திருத்தி விளையாட விரும்புகிறவர்களைத்தான் அவர் அழைத்தார்.

பாலத்துக்குப் பொருந்தாதது இங்கே எப்படிப் பொருந்துகிறது? பாலம் ஒன்று, அதில் நடப்பவர் ஆயிரம் பேர். விழுந்தால் உயிர் போகும். இயங்குதளமோ பிரதி எடுக்க எடுக்கக் குறையாதது. ஆளுக்கு ஒரு பாலம். என் பிரதி இடிந்து விழுந்தால் உங்கள் பிரதிக்கு ஒன்றும் ஆகாது. அதோடு, விழுந்தவன் கையிலேயே பாலத்தின் வரைபடமும் இருக்கிறது. எந்தக் கல் பெயர்ந்தது என்று அவனே பார்த்துச் சொல்லலாம். மூல நிரலைத் திறந்து வைப்பதன் பயன் இங்குதான் தெரிகிறது. மூடிய மென்பொருளைச் சோதிப்பவர் "வேலை செய்யவில்லை" என்று மட்டுமே சொல்ல முடியும். திறந்த மூலத்தைச் சோதிப்பவர், முயன்றால், "இந்த வரியால் வேலை செய்யவில்லை" என்று சொல்ல முடியும்.

விழுவது லினஸுக்கும் நேர்ந்தது. ஒருமுறை மோடத்துக்கு அனுப்ப வேண்டிய தொலைபேசி அழைப்புக் கட்டளையைத் தவறுதலாக வன்தட்டுக்கு அனுப்பிவிட்டார். இயங்குதளம் கீழ்ப்படிதலுள்ள வேலைக்காரனைப் போல அந்தக் கட்டளையை மினிக்ஸ் இருந்த பகுதியின் மேலேயே எழுதிவிட்டது. மினிக்ஸ் போயிற்று. அதை மறுபடி நிறுவுவதா, அல்லது தாம் எழுதியதையே முழுக்க நம்புவதா என்ற கேள்வி எழுந்தது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அன்றுமுதல் அந்த இயங்குதளத்தின் முழுநேரச் சோதனையாளர்களில் அவரும் ஒருவரானார்.

ஜெர்மனியிலிருந்து வந்த கோரிக்கை

அந்த ஆண்டு இறுதியில் நடந்த ஒன்றை நான் என் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வதுண்டு. ஜெர்மனியில் ஒருவர் லினக்ஸைத் தம் கணிப்பொறியில் இயக்கிப் பார்த்தார். அவரிடம் இருந்தது 2 மெகாபைட் நினைவகம்தான். லினக்ஸின் மூல நிரலை அதில் வைத்து இயந்திர மொழிக்கு மாற்ற முயன்றால் நினைவகம் போதவில்லை. இதை அவர் எழுதித் தெரிவித்தார். லினஸிடம் 4 மெகாபைட் இருந்தது. அவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் நினைத்திருந்தால், "இன்னும் 2 மெகாபைட் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று பதில் எழுதியிருக்கலாம். மாறாக, கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து, நினைவகம் நிரம்பும்போது உடனடியாகத் தேவைப்படாத பக்கங்களை வன்தட்டுக்கு மாற்றி வைத்து, வேண்டும்போது திரும்பக் கொண்டுவரும் வசதியை எழுதினார். பரணில் பாத்திரங்களை ஏற்றி வைத்து அடுப்படியில் இடம் பண்ணுவது போன்ற ஏற்பாடு. 1992 ஜனவரியில் 0.12 பதிப்பில் அது வெளிவந்தது. மினிக்ஸில் இல்லாத வசதி இது. பலர் மினிக்ஸை விட்டு லினக்ஸுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. குறைந்த நினைவகம் வைத்திருந்த ஒருவர் குறையைச் சொன்னதால் அனைவருக்கும் கிடைத்த வசதி அது. இதே சமயத்தில்தான் லினஸ் குனூ பொது உரிமத்துக்கும் மாறினார்.

1992 மார்ச்சில் அவர் பதிப்பு எண்ணை ஒரே தாவலில் 0.95 ஆக்கினார். ஏறத்தாழ முடிந்துவிட்டது, 1.0 விரைவில் வந்துவிடும் என்ற நம்பிக்கை. ஆனால் சோதிப்பவர்கள் பெருகப் பெருகக் குறைகளும் பெருகின. வலைத்தொடர்பைச் சரிசெய்யவே நெடுங்காலம் பிடித்தது. எண்ணை 1.0க்குக் கொண்டுபோக மனம் வராமல் 0.99க்குப் பின்னால் ஒட்டு எண்களையும் எழுத்துகளையும் சேர்த்துக்கொண்டே போனார்கள். 1994 மார்ச் 14ஆம் நாள்தான் 1.0 வெளியாயிற்று. அப்போது அதில் 1,76,250 வரிகள் இருந்தன. நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு முடிந்தது என்று நினைத்தவருக்கு மீதி ஐந்து பங்குக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின!

பொம்மைகளை உடைக்கும் பையன்

லினக்ஸ் என்பது உண்மையில் இயங்குதளத்தின் கருவகம் மட்டுமே. அதனோடு நூற்றுக்கணக்கான நிரல்களைச் சேர்த்துக் கட்டி, சாதாரண மனிதர் நிறுவிக்கொள்ளத்தக்க தொகுப்பாகக் கொடுக்கும் வேலையைச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். அவற்றுள் ஒன்று டெபியன். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் அதைத் தொடங்கினார்.

டெபியனின் வரலாற்றில் 1.0 என்ற பதிப்பே கிடையாது. 1995இன் இறுதியில், குறுந்தகடு விற்கும் நிறுவனம் ஒன்று, இன்னும் கட்டுமானத்தில் இருந்த டெபியன் கோப்புகளை எடுத்து "டெபியன் 1.0" என்று பெயரிட்டு விற்றுவிட்டது. அது சரியாகத் துவங்குமா என்பதே சந்தேகம். திட்டத்தாரும் நிறுவனத்தாரும் சேர்ந்து டிசம்பரில் மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. காசு கொடுத்து வாங்கியவர் முழுமை பெற்ற ஒன்றை வாங்கியதாக நினைத்திருப்பார், குற்றம் அவருடையதன்று. குழப்பம் நீங்க வேண்டும் என்று 1.0 என்ற எண்ணையே விட்டுவிட்டு, 1996 ஜூனில் 1.1 என்றே முதல் முறையான பதிப்பை வெளியிட்டார்கள். முழுமை பெறாததைக் கொடுப்பதில் தீங்கில்லை. முழுமை பெற்றது என்று சொல்லிக் கொடுப்பதில்தான் தீங்கு.

இதையடுத்து டெபியன் திட்டத்தில் ஒழுங்குமுறை மெல்ல மெல்ல உருவாயிற்று. புதிதாக வரும் நிரல் முதலில் 'நிலையற்றது' என்ற களத்தில் இறங்கும். அங்கே சில நாள்கள் இருந்து, பெரும்பிழை எதுவும் புகாராக வராவிட்டால் 'சோதனை' என்ற களத்துக்குத் தானாக ஏறும். இந்த நடுக்களம் 2000ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அது உறைநிலைக்குக் கொண்டுவரப்பட்டு, பிழைகள் களையப்பட்ட பின் 'நிலையானது' என்ற பெயரோடு வெளியாகும். நெல்லை அவித்து, உலர்த்தி, பிறகு குத்துவது போல ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்குரிய காலம் உண்டு. அவசரப்பட்டால் அரிசி நொறுங்கிவிடும். டெபியன் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' என்ற கார்ட்டூன் படத்தின் பாத்திரங்களிலிருந்து பெயர் வைப்பது வழக்கம். நிலையற்ற களத்துக்கு மட்டும் என்றும் மாறாத பெயர் ஒன்று உண்டு: சிட். அந்தப் படத்தில் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு பொம்மைகளை உடைக்கும் பையன் அவன்.

பெயர் மட்டும் ஒரு மென்பொருளை நிலையானதாக்கிவிடாது என்பதை 2001ஆம் ஆண்டு நன்கு காட்டிற்று. அந்த ஆண்டு அக்டோபரில் வெளியான லினக்ஸ் 2.4.11இல் கடுமையான பிழை இருந்ததால் ஓரிரு நாள்களில் அடுத்ததை வெளியிட்டு, பழையதன் கோப்புப் பெயரிலேயே 'பயன்படுத்தாதே' என்று சேர்த்துவிட்டார்கள். நவம்பர் 23ஆம் நாள் 2.4.15 வந்தது. வன்தட்டைக் கழற்றி வைக்கும் கணத்தில் கோப்புகளின் பதிவேடு சிதையக்கூடிய பிழை அதில் இருந்தது. அதாவது, வேலையெல்லாம் ஒழுங்காக முடித்துவிட்டுக் கணிப்பொறியை அணைக்கும்போதுதான் சேதம்! மூன்றே நாளில் 2.4.16 வெளியாயிற்று. அதை வெளியிட்டவர் பிரேசில் நாட்டு மார்செலோ டொசாட்டி. 2.4 வரிசையைப் பராமரிக்கும் பொறுப்பை லினஸ் அப்போதுதான் அவரிடம் கொடுத்திருந்தார். மார்செலோவுக்கு அப்போது வயது பதினெட்டு.

பிழை எப்படி நுழைந்தது? சோதனைக்கு விட்ட முன்பதிப்புகள் பல இருந்தன. ஆனால் கடைசி நேரத்தில் சேர்ந்த மாற்றங்களைச் சோதிப்பவர் கையில் எடுத்துப் பார்க்க அவகாசம் கிடைக்கவில்லை. அளவீடு முடிந்த பிறகு கருவியைத் திருகிவிட்டு, பழைய அளவீட்டையே எழுதிக் கொடுத்தது போலாயிற்று. பின்னாளில் லினக்ஸ் வெளியீட்டு முறை திருத்தமடைந்தது. புதிய மாற்றங்களைச் சேர்க்க இரண்டு வார காலம்; அதன்பின் வாரத்துக்கு ஒன்றாக ஏழோ எட்டோ வேட்பாளர் பதிப்புகள்; அந்த வாரங்களில் பிழைதிருத்தம் மட்டுமே நுழையலாம் என்பது வழக்கமாயிற்று.

அதே அக்டோபரில்

இனி நம் மொழிக்கு வருவோம். லினக்ஸ் 0.02 வெளிவந்த அதே 1991 அக்டோபரில்தான் யூனிகோடு எழுத்துக்குறித் தரத்தின் முதல் பதிப்பு நூல் வடிவில் வந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் முயற்சி அது. தமிழும் அதில் இருந்தது. தமிழுக்கு எண்கள் ஒதுக்கியபோது இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தைப் பின்பற்றினார்கள். அந்தத் தரம் எல்லா இந்திய மொழிகளையும் தேவநாகரியின் அச்சில் நிறுத்தி வைத்தது. ஆகவே நமது 'ன' 'ந'வுக்குப் பக்கத்திலும், 'ற' 'ர'வுக்குப் பக்கத்திலும் போய் உட்கார்ந்தன. நம் நெடுங்கணக்கில் இந்த இரண்டும் கடைசியில் வருபவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. 'கொ' என்ற எழுத்தை நாம் எழுதும்போது கொம்பை முதலிலும், 'க'வை நடுவிலும், காலைக் கடைசியிலும் எழுதுகிறோம். யூனிகோடில் அது 'க' என்ற எழுத்தும், அதன்பின் ஒகரக் குறி என்ற ஒற்றைக் குறியும் மட்டுமே. அந்த ஒரு குறியை இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டை எழுத்துக்கு முன்னும் மறு துண்டைப் பின்னும் வைக்கும் வேலை திரையில் எழுத்து வரையும் நிரலுக்கு உரியது. அந்த நிரலை எழுதியவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் விட்ட பிழையால் 'கொ'வின் கொம்பு இடம் மாறிவிட்டாலும், எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன வெற்று வட்டம் ஒன்று முளைத்தாலும், அவர் கண்ணுக்கு எல்லாம் அழகிய வளைவுகளாகத்தான் தெரியும். பிழை என்று கண்டுகொள்ள 'கொக்கு' என்று படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். முன்பதிப்பை எடுத்து ஓட்டிப் பார்த்து, தமிழ் எங்கே உடைகிறது என்று எழுதிய தன்னார்வலர்கள் சென்னையிலும் இருந்தார்கள், வெளிநாடுகளிலும் இருந்தார்கள். இன்று நாம் திரையில் தமிழை ஒழுங்காகப் படிப்பதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

நம் நாட்டு முயற்சி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சி-டாக் எனப்படும் உயர்நிலைக் கணிப்பியல் வளர்ச்சி மையத்தின் சென்னைப் பிரிவும், அண்ணா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து 2005இல் திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை அமைத்தன. அதன் வழியாக, டெபியனை அடிப்படையாக வைத்து, இந்திய மொழிகளுக்கு இடம் தரும் 'பாஸ்' என்ற இயங்குதளம் சென்னையில் உருவாயிற்று. அதன் முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வெளிவந்தது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸும் அவற்றில் இருந்தது.

அப்போது நான் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். என் சித்தி மகளுக்கு அப்படி ஒரு மடிக்கணினி கிடைத்தது. ஒருநாள் அவள் தவறுதலாகப் பாஸைத் திறந்துவிட்டு, "அண்ணா, இதில் வேறு என்னமோ வருகிறதே!" என்று கூப்பிட்டாள். நான்தான் அதைப் பார்த்து அதிசயித்தேன். அவள் மறுபடி அதைத் திறக்கவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கையில் மூல நிரலோடு கூடிய இயங்குதளம் போய்ச் சேர்ந்தது; அதில் என்ன செய்யலாம் என்று சொல்ல அருகில் ஆள் இல்லை. சோதனையாளர்கள் விளையும் நிலம் அது. உழாமல் விட்டோம் என்பது என் எண்ணம்.

வண்ணார்பேட்டை மாடியறையில்

சில ஆண்டுகளுக்குப் பின், கல்லூரியில் வேலைக்கு வந்த பிறகு, டெபியன் வழிவந்த ஒரு தொகுப்பின் வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பை வண்ணார்பேட்டையில் என் வீட்டு மாடியறையில் வைத்துச் சோதித்தேன். என் மாணவர்கள் இருவர் மாலை நேரங்களில் வந்து கூட இருந்தார்கள். முதல் நாளிலேயே ஒரு தவறு செய்தேன். கணிப்பொறியில் இரண்டு வன்தட்டுகள் இருந்தன. நிறுவும் நிரல் காட்டிய பட்டியலில் எது எது என்று சரிபாராமல் ஒன்றைத் தட்டிவிட்டேன். ஆறு ஆண்டுகளாகச் சேர்த்த வினாத்தாள்களும், என் தந்தையாரின் கடைசிக் காலத்துப் புகைப்படங்களும் இருந்த தட்டு அது. வினாத்தாள்களுக்கு வேறு பிரதி இருந்தது. நிரல் இருமுறை எச்சரித்தது. படிக்காமல் 'சரி' என்றது நான். லினஸுக்கு நேர்ந்ததைக் கதையாக வகுப்பில் சொல்லிச் சிரித்த எனக்கே அது நேர்ந்தது.

மறுநாள் வேறு பழைய தட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு மறுபடி தொடங்கினோம். எழுத்துகள் எல்லாம் அழகாக வந்தன. கொம்பும் காலும் அதனதன் இடத்தில் இருந்தன. பிறகு ஒரு மாணவர் வகுப்பின் பெயர்ப் பட்டியலைத் தமிழில் தட்டி அகர வரிசையில் அடுக்கச் சொன்னார். ஆறுமுகம் முதலிலும் ஆவுடையப்பன் அடுத்தும் வந்தார்கள். மயில்வாகனனுக்கு முன்னால் மனோகரன் வந்தார். எங்கள் வருகைப் பதிவேட்டில் இது நேர்மாறாக இருக்கும். நெடுங்கணக்கில் 'வ'வுக்குப் பிறகுதானே 'ற' வர வேண்டும்? 'ய'வுக்குப் பிறகுதானே 'ன'?

காரணம் மேலே சொன்னதுதான். யூனிகோடில் 'ற'வின் எண் 2993. 'வ'வின் எண் 2997. 'ன'வின் எண் 2985. 'ய'வின் எண் 2991. எண் வரிசைப்படி அடுக்கினால் இப்படித்தான் வரும். இதைத் தவிர்க்க ஒவ்வொரு மொழிக்கும் தனி வரிசை அட்டவணை உண்டு. தமிழுக்கும் சரியான அட்டவணை இயங்குதளத்தில் இருக்கிறது. எனில் அது ஏன் வேலை செய்யவில்லை?

"தமிழ் அகர வரிசை தவறாக வருகிறது" என்று ஒரே வரியில் புகார் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எழுதியவர் எந்த நாட்டார் என்று தெரியாது. தம்மிடம் சரியாகவே வருகிறது என்று சொல்லி, எந்தப் பதிப்பு, எந்தப் படிகள், மொழியை எப்போது தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டிருந்தார். எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது. வெர்னியர் அளவியின் சுழிப்பிழையைக் குறிக்காமல் அளவீடு எழுதும் மாணவனின் ஏட்டைத் திருப்பிக் கொடுப்பவன் நான்.

இம்முறை முறையாகச் செய்தோம். மற்ற எல்லாவற்றையும் மாற்றாமல் வைத்து, ஒன்றை மட்டும் மாற்றினோம். நிறுவும்போதே தமிழைத் தேர்ந்தெடுத்தால் வரிசை தவறியது. ஆங்கிலத்தில் நிறுவிவிட்டுப் பிறகு தமிழுக்கு மாற்றினால் சரியாக வந்தது. மூன்று மூன்று முறை செய்தும் முடிவு மாறவில்லை. நடுவில் ஒருநாள் மின்சாரம் போய் நிறுவல் பாதியில் நின்றது. அந்த அளவீட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. இப்போது விஷயம் விளங்கிற்று. நிறுவும் நிரல், தமிழைத் தேர்ந்தெடுத்தவருக்குத் தமிழ் அட்டவணையை உருவாக்கி வைக்கத் தவறிவிடுகிறது. அட்டவணை கிடைக்காத இயங்குதளம் வெறும் எண் வரிசைக்குப் போய்விடுகிறது. பதில் எழுதியவர் ஆங்கிலத்தில் நிறுவிப் பார்த்திருப்பார். அதனால்தான் அவருக்குப் பிழை தெரியவில்லை. ஆவுடையப்பன், ஆறுமுகம் என்ற இரண்டு பெயர்களையும், இரண்டு முறையிலும் வந்த வரிசையையும், செய்த படிகளையும் எண்ணிட்டு மாணவர்களே கடிதம் எழுதினார்கள். அவர்களுடைய ஆங்கிலத்தை நான் திருத்தவில்லை. என் முதல் கடிதத்தைவிட அது தெளிவாகவே இருந்தது.

நீங்களும் இதைச் செய்து பார்க்க விரும்பினால் பெரிய கணிப்பொறி எதுவும் வேண்டாம். பழைய மடிக்கணினி ஒன்றும், ஒரு பென் டிரைவும் போதும். நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கும் வசதி பல தொகுப்புகளில் உண்டு. உங்களுக்கு வேண்டிய கோப்புகள் உள்ள தட்டு அந்தக் கணிப்பொறியில் இருக்கவே கூடாது. நான் பட்டது போதும். எதைச் செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்ற மூன்றையும் பதிப்பு எண்ணோடு எழுதுங்கள். பழுதாகாத இடங்களையும் குறித்து வையுங்கள். பிழையைத் தேடுகிறவருக்கு அவையும் துப்பு. தமிழில் தட்டுங்கள், தமிழில் கோப்புக்குப் பெயர் வையுங்கள், தமிழில் தேடுங்கள், அச்சிடுங்கள். தமிழ் தெரியாதவர் பார்க்க முடியாத மூலைகள் அங்கேதான் இருக்கின்றன.

மூன்று வாரம் கழித்து அடுத்த முன்பதிப்பு வந்தது. மாற்றங்களின் பட்டியலில் எங்கள் பிழையின் எண் ஒரு வரியில் இருந்தது. மாணவர்கள் இருவரும் அன்று மழையில் நனைந்துகொண்டே வந்துவிட்டார்கள். தமிழைத் தேர்ந்தெடுத்து நிறுவி, அதே பெயர்ப் பட்டியலை அடுக்கினோம். ஆவுடையப்பன் முதலில் வந்தார், ஆறுமுகம் அடுத்து. மயில்வாகனனுக்குப் பின் மனோகரன். ஆனால் அந்தப் பதிப்பில் ஒலிபெருக்கி பேச மறுத்தது. முந்தைய பதிப்பில் அது ஒழுங்காக வேலை செய்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, மறுபடி முதல் படியிலிருந்து ஒன்றொன்றாகக் குறிக்க ஆரம்பித்தோம்.